மலைப் பாதைக்கு எந்த வண்டி? – புதியதா, பழையதா?

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால், மலைத்தொடர் நெடிய மதிலைப் போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அம்மதிலின் தலைப்பில், தமிழ்நாடும் கேரளமும் எல்லை பகிர்ந்துகொள்ளும் இடத்தில், போடிமெட்டு இருக்கிறது. ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும் மலை முகட்டை இப்பக்கத்து மக்கள் ‘மெட்டு’ என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்னும் பெயர்கள் அவ்வாறு அமைந்தவையே. போடியிலிருந்து மெட்டுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் நீளமுடையது. அந்தத் தொலைவுக்குள் அது 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது.

இது கொச்சி–தனுஷ்கோடிச் சாலை என்று வழங்கிவரும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகும். போடிமெட்டிலிருந்து மூணாறு வரையுள்ள சுமார் 42 கிலோமீட்டர்ப் பகுதி அகலப்படுத்தப்பெற்று, 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. இந்நெடுஞ்சாலையில் சிறிய மோட்டார் காரும் தடையின்றிச் செல்லும். ஆனால் பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குள் திரும்பிவிட்டாலோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே தார்ச்சாலை முடிந்து கல்லும் களிமண்ணும் தொடங்குகின்றன. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஏலக்காய் பறிக்கும் காலமோ பெரும்பாலும் இந்த மழை மாதங்களிலேயே அமைகிறது. வேலை மிகுந்த நாளும் பாதை கெட்ட நாளும் ஒன்றாகவே வருகின்றன.

கொழுக்குமலையின் நிலை இன்னும் வியப்புக்குரியது. எல்லைக்கோட்டின்படி அது தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் வண்டியில் அங்குச் செல்ல விரும்புவோர் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். பாறைகளின் மேல் வண்டி தத்தித் தத்திச் செல்லும் அந்தப் பாதையைக் கண்டவர்கள், மலை வாகனம் என்பது பகட்டுப் பொருளன்று என்பதை எளிதில் உணர்வார்கள்.

இத்தகைய பாதைக்கு வண்டி தேடுவோர் மூவகையினர். சிறு தோட்டம் வைத்திருந்து உரமும் ஆளும் ஏற்றிச் சென்று, காய்மூட்டையுடன் திரும்புபவர் முதல் வகையினர். வண்டி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர் இரண்டாம் வகையினர். மலைகளைக் காணும் ஆர்வத்தால் விடுமுறை நாட்களில் பிரயாணம் செய்பவர் மூன்றாம் வகையினர். மூவருக்கும் எழும் வினா ஒன்றே: கடன் பட்டாவது புதிய வண்டி வாங்குவதா? கையிலுள்ள பணத்துக்குப் பழைய வண்டி வாங்குவதா? வினா ஒன்றாயினும் விடை மூவருக்கும் ஒன்றாக இராது. அவ்விடையை அவரவர் தாமே காண்பதற்கு வேண்டிய செய்திகளைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

ஜீப் வந்த கதை

இன்று நாம் ஜீப் என வழங்கும் வண்டி போர்க்களத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் 1941 முதல் இதனைப் பெருந்தொகையாகச் செய்து கொடுத்தன. போர் முடிந்ததும் அதே வண்டி உழவுக்கும் ஊர்ப்பயணத்துக்கும் ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்டது. நம் நாட்டில் 1945-இல் தொடங்கப்பெற்ற மகிந்திரா நிறுவனம், 1940-களின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து பாகங்களைத் தருவித்து, பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர்ப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. பெட்ரோல் இயந்திரம் இருந்த இடத்தில் டீசல் இயந்திரம் வந்தது. பிரான்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்தின் உரிமத்தின் பேரில் செய்யப்பட்ட டீசல் இயந்திரமும் அவற்றுள் ஒன்று. எம்.எம். 540, கமாண்டர், மேஜர் என்னும் பெயர்களில் வந்த வண்டிகள் இவ்வழியில் தோன்றியவையே. மாருதி நிறுவனம் 1985-இல் ஜிப்சியைக் கொணர்ந்தது. எடை குறைந்த அந்தப் பெட்ரோல் வண்டி, காட்டிலாகாவினரும் காவல் துறையினரும் விரும்பியதாயிற்று.

இந்த வரலாற்றில் வாங்குவோர்க்குப் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. பல்லாண்டுகளாக அடிப்படை அமைப்பு அதிகம் மாறாமலே இவ்வண்டிகள் செய்யப்பட்டன. ஆதலின் ஓர் ஆண்டு வண்டியின் பாகங்களுள் பல, பத்தாண்டு கழித்து வந்த வண்டிக்கும் பொருந்தும். மலையடிவாரத்துச் சிறு பட்டறைகளிலும் இவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜீப்பின் மதிப்பில் ஒரு பகுதி அந்த வண்டியில் இல்லை. அதனைச் செம்மை செய்யத் தெரிந்த கைகளில் இருக்கிறது.

மலை நம் வண்டியிடம் கேட்பது என்ன?

புதியது, பழையது என்னும் வேறுபாட்டுக்கு முன்னால், மலைக்கு ஏற்றது எது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தடி முன்னேறுவதற்குள் ஓரடி உயரும் ஒரு சரிவை எண்ணிப் பாருங்கள். இரண்டு டன் எடையுள்ள வண்டி அதில் ஏறும்போது, ஏறத்தாழ 400 கிலோ எடை எப்பொழுதும் அதனைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பை வெல்ல வேகம் வேண்டியதில்லை. மெதுவாகச் சுழன்றாலும் வலுவாகச் சுழலும் சக்கரம் வேண்டும். இதற்காகவே உண்மையான மலை வாகனங்களில் வழக்கமான கியர்ப் பெட்டிக்கு அப்பால் மற்றொரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள தாழ்ந்த கியரைப் போட்டால், சக்கரத்தின் வேகம் குறைந்து, அதன் திருகு வலிமை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். நான்கு சக்கரங்களுக்கும் விசை பகிர்ந்தளிக்கப்படுவதும் இப்பெட்டியின் வழியாகத்தான். ஜீப்பைப் போன்ற தோற்றமிருந்தும் இப்பெட்டி இல்லாத வண்டிகள் பல உண்டு. கமாண்டர் வகையில் பின் சக்கரங்கள் மட்டும் உந்தும் வண்டிகளே மிகுதி. அவை தார்ச்சாலைக்கும் கெட்டியான தோட்டப் பாதைக்கும் போதுமானவை; சேற்றுக்கும் பாறைக்கும் போதா.

அடுத்து இறக்கம். மலையில் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே ஆபத்தானது என்பது ஓட்டுநர் அனைவரும் அறிந்தது. இதன் காரணத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு டன் வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது அது விடுவிக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுமானால், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அவ்வளவு வெப்பத்தையும் பிரேக்குகளே தாங்க நேர்ந்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக்கைக் குழாய் வழி இயக்கும் எண்ணெயில் ஈரம் கலந்திருந்தால் அது ஆவியாகி, மிதிகட்டை வெறுமனே உள்ளே போய்விடும். ஆகவேதான், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் இளையவர்களுக்குச் சொல்கிறார்கள். தாழ்ந்த கியரில் இறங்கும்போது வண்டியை இயந்திரமே தடுத்து நிறுத்துகிறது. பிரேக்குகள் அவசர வேளைக்கென்று எஞ்சி நிற்கின்றன. நான்கு சக்கர உந்துதல் வண்டியை ஏற்றிவிடும். ஆனால் சமயத்தில் பிரேக்கு இல்லையேல் அது காப்பாற்றாது.

மூன்றாவது, காற்று. மெட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. தானே காற்றை இழுத்துக்கொள்ளும் பழைய டீசல் இயந்திரம் இதனால் சற்றுச் சோர்வடையும். காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ அமைப்புள்ள இயந்திரம் அவ்வளவாகச் சோர்வதில்லை.

இவற்றுடன், வண்டியின் அடிவயிறு கல்லில் உரசாத உயரம், பாரம் தாங்கும் அடிச்சட்டம், குறுகிய வளைவில் ஒரே வீச்சில் திரும்பும் நீளக் குறைவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், மலை கேட்கும் தகுதிகளின் பட்டியல் முழுமை பெறும்.

புதிய வண்டியின் பக்கம்

2020-இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தார், 2024-இல் வந்த ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ், ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா, மாருதி 2023-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஜிம்னி ஆகியவை இக்காலத்துப் புதிய மலை வாகனங்களுள் குறிப்பிடத்தக்கவை. தாரிலும் ராக்ஸிலும் பின் சக்கரம் மட்டும் உந்தும் வகைகளும் விற்கப்படுகின்றன. ஆதலின் பெயரை மட்டும் கேட்டு முன்பணம் செலுத்திவிடக் கூடாது.

புதிய வண்டியின் முதல் நன்மை உயிர்க்காப்பு. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில், சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஈரமான வளைவில் திடீரெனப் பிரேக்கை மிதிக்க நேர்கையில், முன்னது வண்டி வழுக்கிச் சாலையை விட்டு விலகாமல் காக்கிறது. பழைய ஜீப்பில் இவ்விரண்டும் இல்லை. பின்னால் பொருத்திக்கொள்ளவும் இயலாது. இரண்டாவது நன்மை, வண்டியின் முன்வரலாறு பற்றிய ஐயம் இல்லாமை. மூன்றாவது, சில ஆண்டுகளுக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம்.

குறைகளும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ‘பி.எஸ். 6’ புகைக் கட்டுப்பாட்டு விதிகளால், புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அமைந்திருக்கிறது. அதில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய, வண்டி அவ்வப்போது சில நேரம் சீரான வேகத்தில் ஓடியாக வேண்டும. தோட்டத்துக்குள் நாள் முழுதும் இரண்டு மூன்று கிலோமீட்டர்களாக ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கினால், பட்டறைக்காரரின் சுத்தியலும் திருப்புளியும் அதற்கு மருந்தாகா. கணிப்பொறி வைத்துள்ள நிறுவனப் பணிமனைக்கே இறங்க வேண்டும். இத்தகைய உபயோகத்துக்குப் புதிய வண்டிதான் வேண்டுமென்போர், வாரத்தில் ஒருநாளேனும் நெடுஞ்சாலையில் அதனை ஓடவிடுவது நன்று. அன்றிப் பெட்ரோல் வண்டியைக் கருதலாம்.

மற்றொரு குறை, இட வசதி. மூன்று கதவுத் தாரிலும் ஜிம்னியிலும் நால்வரே அமரலாம். மூட்டையும் ஆளும் ஏற்ற விரும்பும் தோட்டக்காரருக்கு இவை ஏற்றவையல்ல. சரக்குக்கென்றே அமைந்த நான்கு சக்கர உந்துதலுள்ள சிறு பாரவண்டி அவர் தேவைக்கு நெருக்கமானது.

பழைய வண்டியின் பக்கம்

பழைய வண்டியின் நன்மை விலைக் குறைவு மட்டுமன்று. முதல் ஐந்தாண்டுகளில் ஏற்படும் மதிப்பிழப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதும் நன்மையே. காப்புறுதிக் கணக்கில் வண்டியின் மதிப்பு ஓராண்டு முடிவில் 15 சதவீதமும், மூன்றாம் ஆண்டு முடிவில் 30 சதவீதமும், ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதமும் குறைத்துக் கணிக்கப்படுவது வழக்கம். மலை வாகனங்களுக்குச் சந்தையில் கேட்கும் விலை இதனினும் கூடுதலாக இருப்பதுண்டு. எனினும் பேரம் பேசுவோர்க்கு இக்கணக்கு ஓர் அளவுகோலாகும்.

பழைய வண்டியைப் பார்க்கச் செல்பவர், இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், மழை இல்லாத நாளில் செல்லுதல் நலம். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்த இயந்திரம் தன் நோயை மறைத்துவிடும். கிளப்பியவுடன் வரும் புகையைக் கவனிக்க வேண்டும். கரும்புகை தொடர்ந்தால் காற்று வடிகட்டியிலோ டீசல் செலுத்தும் பகுதியிலோ கோளாறு. நீலப்புகை இயந்திர எண்ணெய் எரிவதன் அடையாளம். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும் இயந்திரத்தின் எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருமாயின், பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஆயினும் இயந்திரம் மாற்றக்கூடியது, செலவோடு போகும். மாற்ற இயலாதது அடிச்சட்டம். மலையின் பனியும் சேறும் பல மழைக்காலம் படிந்த வண்டிகளில் இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. புதுச் சாயம் பூசிய அடிச்சட்டத்தை நம்பிவிடாமல், சிறு சுத்தியலால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நல்ல இரும்பைக் காட்டும். மந்தமான ஒலி துருவைக் காட்டும். பட்டைகள் சட்டத்தோடு சேரும் இடங்களில் விரிசலும், விரிசலை மூடிய பற்றுவைப்பும் உள்ளனவா என்று விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பற்றுவைத்த அடிச்சட்டமுள்ள வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே அறிவுடைமை.

பிறகு ஸ்டியரிங். சக்கரத்தைச் சிறிது திருப்பியும் முன்சக்கரம் அசையாத இடைவெளி மிகுதியாயிருந்தால், கொண்டை ஊசி வளைவில் அந்த இடைவெளியே எமனாகக்கூடும். அடுத்து நான்கு சக்கர உந்துதலையும் தாழ்ந்த கியரையும் போட்டு, தளர்ந்த மண்ணில் சிறிது தொலைவு ஓட்டிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் பயன்படுத்தாமலே விட்டதனால் அந்த நெம்புகோல் இறுகிப்போன வண்டிகள் உண்டு. முன் உந்துதண்டையே கழற்றிவிட்டு ஓட்டுபவரும் உண்டு. இறுதியாக, ஏற்றத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுச் சோதித்து, இறக்கத்தில் கியர் தானே கழன்று வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கியர் தானே கழலும் வண்டி மலைக்கு ஆகாது.

இச்சோதனைக்கு நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது செலவு அல்ல, காப்பு. அவர் விற்பவருக்கு வேண்டியவராக இராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘உரிமையாளர்’ யார்?

பணத்தைக் கொடுத்தோம், சாவியையும் புத்தகத்தையும் வாங்கினோம், வண்டி நம்முடையதாயிற்று என்பது உலக வழக்கு. சட்டத்தின் வழக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, இரண்டாம் பிரிவில் ‘உரிமையாளர்’ என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ, அவரே உரிமையாளர். சட்டங்களை மொழிபெயர்க்கும் பணியில் இருப்போர்க்கு, அன்றாடப் பேச்சில் ஒரு பொருளும் சட்டத்தில் மற்றொரு பொருளும் கொண்ட சொற்கள் புதியனவல்ல. ஆனால் இச்சொல்லைப் போல் ஏழை எளியவர்களை இடர்ப்படுத்தும் சொற்கள் சிலவே. 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில், வண்டி பல கை மாறிய பின்னும் பதிவேட்டில் பெயர் மாற்றப்படாதிருந்தால், விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவரையே சாரும் என்று கூறப்பட்டது. ஆகவே பெயர் மாற்றம் வாங்குபவருக்கு எவ்வளவு அவசியமோ, விற்பவருக்கும் அவ்வளவு அவசியமாகும்.

29, 30 என்னும் எண்ணுள்ள படிவங்கள் உரிமை மாற்றத்துக்கு உரியவை. கடன் நிலுவை பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததைக் காட்டும் 35-ஆம் படிவமும் வேண்டும். எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கு 28-ஆம் படிவம் சிறப்பாகத் தேவைப்படும். கேரளப் பதிவுள்ள ஜீப்பைத் தமிழ்நாட்டவர் வாங்கினாலும், தமிழ்நாட்டு ஜீப்பைக் கேரளத்தவர் வாங்கினாலும், பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று அப்படிவத்தின் மூலமே பெறப்படுகிறது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்துப் புதிய எண் பெற வேண்டும் என்பதும் சட்டம்.

தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணங்கள் 2022-லும் 2025-லும் உயர்த்தப்பட்டிருக்கின்றன. பதினான்கு ஆண்டு ஆன வண்டியை மலிவென்று வாங்குபவர் அடுத்த ஆண்டுச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அழகுக்காகவும் வலிமைக்காகவும் உருமாற்றப்பட்ட ஜீப்புகள் இப்பகுதியில் காணக்கூடியவையே. நிறுவனம் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுதல் கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆதலின் கூடு, சக்கரம், இயந்திரம் ஆகியவை பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைப் புத்தகத்து எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது இன்றியமையாதது.

ஆள் ஏற்றும் வண்டி

விடியுமுன்பே தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறி, மெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்புகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் வயநாட்டில் தலப்புழைக்கு அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சென்ற ஜீப் பள்ளத்தில் வீழ்ந்து ஒன்பது பெண்கள் உயிரிழந்தார்கள். மலைத் தோட்டங்கள் உள்ள இடமெங்கும் இத்துயரம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எட்டுப் பேருக்கென்று அமைந்த வண்டியில் பதினைந்து பேரை ஏற்றும்போது, எடை மட்டும் கூடுவதில்லை. வண்டியின் எடைமையம் உயர்ந்து, வளைவில் கவிழும் இயல்பு மிகுகிறது. மேலே கூறிய பிரேக் வெப்பமும் அதே வீதத்தில் ஏறுகிறது. தனியார் பதிவுள்ள வண்டியில் கட்டணம் பெற்று ஆள் ஏற்றுவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. அப்படி ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் தன் பொறுப்பை மறுக்க இடமுண்டு. அப்பொழுது காயமுற்ற தொழிலாளியும் இழப்பீட்டுக்கு அலைவார். வண்டிக்காரரும் வீடு வாசலை இழப்பார். ஆள் ஏற்றிப் பிழைக்க எண்ணுபவர் வண்டியின் வயதைப் பார்ப்பதற்கு முன் அதன் பதிவின் வகையைப் பார்க்க வேண்டும். வாடகை வண்டிப் பதிவும், நடப்பிலுள்ள தகுதிச் சான்றும், பயணிகளுக்கும் பொருந்தும் காப்புறுதியும் இல்லாத வண்டி அவருக்கு ஆகாது.

கணக்கும் முடிவும்

ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். புதிய வண்டிக்காக ஒருவர் பத்து லட்சம் ரூபாயை ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டியில், ஐந்தாண்டுத் தவணையில் கடன் வாங்குகிறார். மாதத் தவணை சுமார் 21,250 ரூபாய் ஆகும். ஐந்தாண்டில் அவர் திருப்பிச் செலுத்துவது சுமார் பன்னிரண்டே முக்கால் லட்சம். ஏலக்காயின் விலையோ போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில் ஏறியிறங்குவது. தவணைத் தேதி இறங்குவதில்லை. விலை வீழ்ந்த ஆண்டிலும் தவணை கட்ட இயலுமா என்பதே புதிய வண்டி வாங்குபவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

பழைய வண்டி வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், முதல் மாதத்திலேயே பிரேக்கையும் டயரையும் மாற்றப் பணம் எங்கே? நான்கு லட்சம் வைத்திருப்பவர் மூன்று லட்சத்துக்கு வண்டி பார்த்து, எஞ்சிய ஒரு லட்சத்தைச் செம்மை செய்வதற்கென ஒதுக்குவாராயின், அவர் வாங்கிய பழைய வண்டி நெடுநாள் உழைக்கும்.

இனி மூவகையினர்க்கும் உரிய விடையைத் தொகுத்துக் கூறலாம். சொந்தத் தோட்டத்துக்குள் குறைந்த தொலைவு மட்டும் ஊர்ந்து செல்பவருக்கு, அடிச்சட்டம் நல்லதாயுள்ள பழைய நான்கு சக்கர உந்துதல் ஜீப்பே பொருத்தமானது. அது எளிய அமைப்புடையது. பட்டறை பக்கத்தில் உள்ளது. கடன் சுமை இல்லை. நாள்தோறும் மெட்டேறிப் பிறர் உயிரைச் சுமந்து செல்பவர், பழைய வண்டியின் மலிவைக் கருதாமல், இயன்றவரை புதியதும் முறையான அனுமதியுள்ளதுமான வண்டியையே நாட வேண்டும். விடுமுறைப் பிரயாணிக்கு இரண்டுக்கும் நடுவான வழி ஏற்றது. அதாவது 2019-க்குப் பின் செய்யப்பட்டதும், பாதுகாப்பு அமைப்புகள் உள்ளதும், ஒரே கையில் இருந்து வந்ததுமான மூன்று நான்கு வயது வண்டி. ஆண்டுக்கு இரண்டு முறையே மலைக்குச் செல்பவராயின், அவர் வண்டி வாங்கவே வேண்டியதில்லை. சூரியநெல்லியில் வாடகை ஜீப்பை அமர்த்திக்கொள்வது அவருக்கும் சிக்கனம். அப்பாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த ஓட்டுநருக்கும் பிழைப்பு.

புதிய வண்டியாயினும் பழைய வண்டியாயினும், மெட்டிலிருந்து இறங்கத் தொடங்குமுன் ஒரு நிமிடம் நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பார்த்து, தாழ்ந்த கியரைப் போட்டுப் புறப்படும் பழக்கத்துக்கு விலை எதுவும் இல்லை. வாங்கும் வண்டியைப் பற்றி எத்தனை நாள் ஆராய்ந்தாலும், இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்த எண்ணுபவருக்கு அந்த ஆராய்ச்சி பயன்படாது.